கீழாநெல்லியும் கல்லீரல் டாக்டர்களின் வழிகாட்டியும்

மஞ்சள் காமாலை என்றால் கோட்டைப்பட்டினத்திலும் சரி, சென்னையிலும் சரி, முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பது பாட்டி காலத்து வைத்தியம். பெரும்பாலும் குணமும் ஆகிவிடும். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, மருந்தே இல்லாமலும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகப் போய்விடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு!

ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை. ரத்தம் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் தொற்றும். பிறந்தவுடன் தொற்றிய குழந்தைகளில் 10-க்கு 9 பேரிடம் அது நாட்பட்ட நோயாகத் தங்கிவிடும். பல வருடங்கள் கழித்து கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் என்று போகலாம்.

இந்த பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர் அமெரிக்காவின் பரூச் ப்ளம்பெர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து நம்ம ஊர் கீழாநெல்லியைச் சோதனைக்கு எடுத்தார்கள். 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. 30 நாள் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது.

இரண்டே வருடத்தில், 1990-ல், அதே லான்செட்டில் தாய்லாந்து டாக்டர்களின் சோதனை வந்தது. பலன் இல்லை! செடி வளரும் மண் வேறு, மருந்து தயாரித்த முறை வேறு என்று விவாதங்கள் நடந்தன. 2011-ல் காக்ரேன் குழு எல்லாச் சோதனைகளையும் ஒன்றாக அலசி, வெற்று மாத்திரையைவிட மேல் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை, பெரிய சோதனைகள் தேவை என்றது.

வழிகாட்டி என்ற ஒன்று எதற்கு என்பது இங்கேதான் புரியும். ஒரு நல்ல சோதனை, ஒரு நோபல் பெயர், ஆயிரம் வருடப் பழக்கம் மூன்றும் சேர்ந்தாலும் அதை வைத்து ஒரு டாக்டர் சீட்டு எழுதிவிட முடியாது. எல்லா ஆய்வுகளையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் தரத்தையும் எடை போட்டு, ஆதாரம் எவ்வளவு வலுவானது, பரிந்துரை எவ்வளவு உறுதியானது என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

ஆசிய பசிபிக் கல்லீரல் சங்கம் 2000-ல் பி, சி இரண்டுக்கும் கருத்தொற்றுமை அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கச் சங்கத்தின் பி வழிகாட்டி 2001-ல் வந்தது. அப்போது பெரிதாகப் பேசப்பட்ட மாத்திரை லாமிவுடின். வைரஸ் அதற்குப் பழகிப்போனது தெரிந்ததும் பிந்தைய பதிப்புகளில் என்டகாவிர், டெனோஃபோவிர் முன்னுக்கு வந்தன. கீழாநெல்லிக்குக் காட்டிய அதே கண்டிப்புதான் கம்பெனி மாத்திரைக்கும்.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது ஐ.என்.ஏ.எஸ்.எல். என்ற கல்லீரல் ஆய்வுச் சங்கம். 2013 பிப்ரவரியில் கல்லீரல் புற்றுநோய்க்காக ஒடிசாவின் பூரியில் கூடினார்கள். கருத்து வேறுபாடுள்ள கேள்விகளை முதலில் பட்டியலிட்டு, ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, படித்து வந்த பிறகு வட்டமேஜையில் இரண்டு நாள் விவாதம். அடுத்த வருடம் 'பூரி பரிந்துரைகள்' வெளியானது. ஹெபடைடிஸ் பி-க்கு இதே பாணியில் 2017-ல் போர்ட் பிளேரில் கூடினார்கள். அதனால் 2018-ல் வந்ததற்கு 'அந்தமான் அறிக்கை' என்று பெயர். (கூட்டத்துக்குக் கடற்கரை ஊராகப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள்!) வெளிநாட்டு வழிகாட்டி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நோய் வரும் விதம், இங்கே கிடைக்கும் வசதி, ஜனங்களின் கையிருப்பு எல்லாமே வேறு.

அந்த 2018-லேயே ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தைத் தொடங்கியது. பரிசோதனையும் மாத்திரையும் அதில் இலவசம். உலக சுகாதார நிறுவனமோ 2015-ல் வெளியிட்ட தன் பி வழிகாட்டியை 2024-ல் திருத்தி, இன்னும் அதிகம் பேருக்குச் சிகிச்சை தரலாம் என்று எல்லையைத் தளர்த்திவிட்டது.