மேர்சேனின் எண்ணும் கோலின் மௌனமும்

பிரான்சு நாட்டுத் துறவியாகிய மரின் மேர்சேன், கி. பி. 1644 ஆம் ஆண்டில், இரண்டின் வலுக்களிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண்களுள் முதன்மை எண்கள் இவையெனப் பட்டியலொன்று வெளியிட்டார். 67 ஆம் வலுவால் வரும், 21 இலக்கங்கொண்ட 147,573,952,589,676,412,927 என்னும் எண்ணும் அதில் இடம்பெற்றது. நிறுவல் எதனையும் அவர் தந்தாரிலர்.

1876 இல் எடுவார் லூக்கா என்பார் அவ்வெண் முதன்மை எண்ணன்று என நிறுவினார். ஆயினும் அதன் காரணிகள் யாவை என்பது புலப்படவில்லை. ஓர் எண் பகுபடும் என்றறிவது வேறு. அதனைப் பகுத்துக் காட்டுவது வேறு.

1903 ஒற்றோபரில், நியூயோர்க்கிற் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் அவையிலே பிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையின் ஒருபுறம் இரண்டின் 67 ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தார். மறுபுறம் 193,707,721 ஐ 761,838,257,287 ஆற் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவையோர் கரவொலி எழுப்பினர் என்பர். அக்காரணிகளைக் காண மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன என அவர் பின்னர்க் கூறினாராம்.

மேர்சேனின் பட்டியலில் 257 ஆம் வலுவும் பிழையென்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. 61, 89, 107 என்பன விடுபட்டிருந்தன. பெரியோர் வாக்காயினும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். கோலின் விடையைச் சரிபார்த்தற்கு ஒரு பெருக்கல் போதும். கண்டறிதற்கோ ஆண்டுகள் வேண்டியிருந்தன.