புள்ளலூரிலிருந்து ஓடி வந்த சிப்பாய்

எங்க திருப்பாச்சூருக்குத் தெற்கே பேரம்பாக்கம் இருக்கு. அங்கிருந்து காஞ்சிபுரம் 14 மைல்னு அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் எழுதி வெச்சிருக்காங்க. ஏறக்குறைய 22 கிலோமீட்டர். 1780 செப்டம்பர் 10 அன்னைக்கு இந்த இடைவெளியிலதான், புள்ளலூர்ப் பக்கம், கர்னல் பெய்லியோட கம்பெனிப் படையை ஹைதர் அலி அழிச்சார்.

பெய்லி கும்மிடிப்பூண்டி வழியா வந்தவர். ஆகஸ்ட் 25 சாயங்காலம் கொசஸ்தலை ஆற்றில் தண்ணி குறைவு. அப்பவே தாண்டாம வடகரையில் தங்கினார். ராத்திரி வெள்ளம் வந்துட்டது. செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் கரையிலேயே கிடந்தார். (நம்ம ஆத்தை நம்பினவங்களுக்கு இது புரியும்.)

காஞ்சியில் இருந்த தளபதி மன்றோ, 10ஆம் தேதி விடியக்காலை உதவிக்குக் கிளம்பினார். வழியில் பெரும் புகை தெரிஞ்சுது, பீரங்கிச் சத்தம் நின்னுபோச்சு. எதிரே காயம்பட்ட சிப்பாய் ஒருத்தன், தப்பி ஓடி வந்தவன். 'பெய்லி படை முழுசா தோத்துடுச்சு'ன்னான். அந்தப் பேச்சை நம்பி மன்றோ திரும்பிட்டார். சாயங்காலம் 6 மணிக்குக் காஞ்சி.

அவன் சொன்னது சரியா? கணக்குப் போட்டுப் பாருங்க. மன்றோவுக்கும் போர்க்களத்துக்கும் நடுவே அப்போ 3 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். காயத்தோட, குதிரைப்படைக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றவனுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். சத்தம் அடங்கின கொஞ்ச நேரத்திலேயே அவன் வந்து நின்னிருந்தா, சண்டை நடக்கும்போதே கிளம்பியிருக்கணும். அப்போ முடிவை அவன் கண்ணால பார்த்திருக்க முடியாது. சேதி என்னவோ நிஜம்தான். பெய்லி பிடிபட்டார். ஆனா அவன் சொன்னதில் பாதி ஊகமா இருக்கலாம்.

மன்றோ போயிருந்தா காப்பாத்தியிருப்பாரான்னு கேட்டா, அந்த நேரத்துக்கு முடியாதுன்னுதான் நினைக்கிறேன். கெட்டது முந்தின ராத்திரி. கர்னல் ஃபிளெட்சர் சுமார் ஆயிரம் பேரோட காஞ்சியிலிருந்து 8ஆம் தேதி ராத்திரி கிளம்பி, சுத்து வழியில் நடந்து, 9ஆம் தேதி காலை பெய்லியைச் சேர்ந்துட்டார். ஒரே ராத்திரியில் கடக்கிற தூரம்தான் அது! பெய்லியோ 9ஆம் தேதி ராத்திரி கிளம்பி, சில மைல் போய், விடியட்டும்னு நின்னுட்டார். பீரங்கி வண்டியோட மணிக்கு 3 கிலோமீட்டர் போனாலும் 22 கிலோமீட்டருக்கு ஏழெட்டு மணி நேரம். எதிரி தொல்லையைச் சேர்த்தாலும் விடியறதுக்குள்ள காஞ்சிப் பக்கம் நெருங்கியிருக்கலாம்.

மறுநாள் மன்றோ கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிட்டு செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அயர் கூட் முதல்ல எங்க திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடிச்சார், பிறகு 27ஆம் தேதி அதே புள்ளலூர்க் களத்துக்குப் போனார்.