உன்மத்த பாவனை

யுத்தத்தின் நடுவே சமாதானம் பேசும் தரப்பினரில் ஒருவர், தாம் அடுத்து என்ன செய்வார் என்பதை எதிரி ஊகிக்க முடியாதபடி வேண்டுமென்றே நடந்துகொண்டு, அந்தக் கலக்கத்தையே பேரத்துக்குப் பயன்படுத்தும் தந்திரம். பாசன் இயற்றியதாகக் கருதப்படும் ‘பிரதிஜ்ஞா யௌகந்தராயண’த்தில், சிறைப்பட்ட உதயணனை மீட்பதற்கு அவன் மந்திரி பித்தனாக வேஷம் பூணுகிறான், சமயமறிந்து பித்தனாக நடிப்பது விவேகமென்று மாக்கியவெல்லியும் எழுதினார்.

தமிழகச் சரித்திரத்தில் இதற்கு மிக நெருங்கிய திருஷ்டாந்தம் மைசூரை ஆண்ட ஹைதர் அலி. முதல் மைசூர் யுத்தத்தின் இறுதியில், 1769-இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கவுன்சிலாரின் தூதரிடம், சென்னையின் வாசலுக்கு வந்தே மற்றதைக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லியனுப்பிய அவர், பேச்சு முறிந்ததும் பீரங்கிகளையும் பெரும்பகுதிக் காலாட்படையையும் ஊருக்குத் திருப்பிவிட்டு, கம்பெனியின் கர்னல் ஸ்மித்தின் சேனையைப் பின்னே தவிக்கவிட்டு, 6,000 குதிரை வீரருடன் 130 மைலை மூன்றரை நாளில் கடந்து, மார்ச் மாத முடிவில் பரங்கிமலையில் வந்து நின்றார். கோட்டையை இடிக்க அவரிடம் ஒரு பீரங்கியும் இல்லை. ஆயினும் பட்டணத்தைக் கொள்ளையிடுவாரோ, வந்த வழியே திரும்புவாரோ என்று நிச்சயிக்க இயலாத நிலையே அவருடைய பலமாயிற்று என்று கருதத் தோன்றுகிறது. கவர்னர் பதவிக்கு நியமனம் பெற்றிருந்த டூப்ரே நேரில் வரவேண்டுமென்று ஹைதர் கேட்டார், டூப்ரேயும் வந்தார். ஏப்ரலில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, பிடித்த இடங்களை இருவரும் திருப்பித் தருவது, அந்நியர் தாக்கினால் ஒருவருக்கொருவர் துணை நிற்பது என்று முடிவாயிற்று.

பயத்தில் பிறந்த வாக்குறுதி பயம் தெளிந்ததும் மறந்துபோயிற்று. மராட்டியர் மைசூர்மேல் பாய்ந்தபோது கம்பெனியார் உதவவில்லை. அந்த வன்மத்தோடு 1780-இல் ஹைதர் கர்நாடகத்தில் இறங்கினார். காஞ்சிபுரத்தில் கம்பெனித் தளபதி மன்றோ காத்திருக்க, அவரோடு சேர வந்துகொண்டிருந்த பெய்லியின் படை, செப்டம்பர் 10-ஆம் நாள், அருகிலுள்ள புள்ளலூரில் அழிந்தது. மன்றோ தம் கனத்த பீரங்கிகளைக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்கு ஓடினார்.

1769-இல் ஹைதரின் குதிரைகளைப் பட்டணத்தார் அடுத்திருந்தே கண்டனர். பிற்காலத்தில் இதே தந்திரத்தைக் கையாண்ட அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் மிரட்டலுக்கு அந்தப் பிரத்தியட்சம் வாய்க்கவில்லை. 1969 அக்டோபரில், வியத்நாம் பற்றிய பாரிஸ் பேச்சு நடந்துகொண்டிருக்கையில், தாம் எதற்கும் துணிந்தவரென்று மாஸ்கோ அஞ்சி ஹனோயை வற்புறுத்தட்டும் என்று, அணு ஆயுதப் படைகளை ரகசியமாக உஷார்நிலைக்கு உயர்த்தினார். ஹனோய் இறங்கிவரவில்லை, பாரிஸ் உடன்படிக்கை 1973 ஜனவரியில்தான் கையெழுத்தாயிற்று.