பணிப்பாளர் சபையில் யார் இருக்கிறார்கள்? தெரனோஸ், மொடேர்னா: இரண்டு பட்டியல்களை வாசித்தல்

சில மாதங்களுக்கு முன் ரொறொன்ரோவில் இருக்கும் சித்தப்பா வட்ஸ்அப்பில் ஓர் ஆவணம் அனுப்பினார். புதிய உயிர்த்தொழில்நுட்பக் கம்பனி ஒன்று முதலீட்டாளர்களைத் தேடுகிறது. நோயைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்யப் போகிறார்களாம். முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு பக்கம். பணிப்பாளர் சபை உறுப்பினர்களின் படங்களுக்கும் பதவிகளுக்கும் ஒன்பது பக்கம்.

“பிள்ளை, இதில இருக்கிற ஆக்களைப் பார். சும்மா ஆக்களே இவை? ஒருக்காப் பார்த்துச் சொல்லு” என்றார்.

அவர் போட நினைத்தது வன்னியில் இடிந்துபோன வீட்டைத் திரும்பக் கட்டவென்று பத்து வருடத்துக்கும் மேலாக இரவு வேலை செய்து சேர்த்த காசு. அதனால் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இருக்க முடியவில்லை. நான் விஞ்ஞானம் படித்தவர் அல்ல. ஆனால் ஆட்களின் பின்னணியைத் தேடுவது என் தொழில். கம்பனி ஒன்றின் பணிப்பாளர் பட்டியலை எப்படி வாசிப்பது என்று தேடியபோது கிடைத்தவற்றை, இப்படி ஆவணம் வந்து சேர்ந்த மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

தெரனோஸ்: அமைச்சரவை போன்ற ஒரு சபை

எலிசபெத் ஹோம்ஸ் 2003 இல், 19 வயதில், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு கலிபோர்னியாவில் தெரனோஸைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் 200க்கும் மேற்பட்ட பரிசோதனைகள் செய்யலாம் என்பது கம்பனி சொன்ன கதை. 2014 இல் அதன் மதிப்பு 9 பில்லியன் டொலர் எனப்பட்டது.

அக்காலத்தில் அதன் பணிப்பாளர் சபையில் இருந்தவர்கள் இவர்கள். ஜோர்ஜ் ஷுல்ட்ஸ், 1982 முதல் 1989 வரை அமெரிக்க இராஜாங்கச் செயலாளர். ஹென்றி கிசிஞ்சர், 1973 முதல் 1977 வரை அதே பதவி. வில்லியம் பெரி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர். சாம் நன், செனட் சபையின் ஆயுதப்படைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். கரி ரஃப்ஹெட், ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி. ஜேம்ஸ் மற்றிஸ், மத்திய கிழக்குப் படைநடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல். ரிச்சர்ட் கொவாசெவிச், வெல்ஸ் பார்கோ வங்கியின் முன்னாள் தலைவர். ரைலி பெக்டெல், பெரும் கட்டுமான நிறுவனமொன்றின் குடும்பத்தவர்.

மருத்துவர்களும் இருவர் இருந்தார்கள். பில் ஃபிரிஸ்ட் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நிபுணர், பின்னர் செனட் பெரும்பான்மைத் தலைவர். வில்லியம் ஃபோகி, பெரியம்மை ஒழிப்பில் பெரும் பங்காற்றியவர், அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் முன்னாள் பணிப்பாளர். இருவரும் தங்கள் துறையில் சாதித்தவர்கள்தான். ஆனால் கம்பனி விற்றது இரத்தப் பரிசோதனை. இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றை நடத்திப் பழகியவர், ஒரு இயந்திரம் தரும் பெறுபேறு சரியா பிழையா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர், இந்தப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை.

ஜெனரல் மற்றிஸின் ஆர்வம் பொய்யானது என்று நான் நினைக்கவில்லை. போர்க்களத்தில் காயப்பட்டவரின் இரத்தத்தை அங்கேயே சோதிக்க முடிந்தால் உயிர் காக்கலாம் என்று அவர் எண்ணினார். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மருந்தில்லாமல் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளைக் கண்டவர்களுக்கு அந்த எண்ணத்தின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. மற்றிஸ் தன் சேமிப்பிலிருந்து 85,000 டொலரளவு முதலிட்டார். கருவி போர்க்களத்துக்குப் போகவேயில்லை. 2021 செப்டெம்பரில் நீதிமன்றத்தில் சாட்சியளித்தபோது, ஒரு கட்டத்துக்குப் பிறகு தெரனோஸைப் பற்றி எதை நம்புவது என்றே தனக்குத் தெரியாமல் போனது என்ற கருத்தைச் சொன்னார்.

கேள்வி கேட்டவர்கள் எங்கே போனார்கள்?

தொடக்க காலத்தில் அந்த மேசையில் கேள்வி கேட்ட ஒருவர் இருந்தார். அப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஏவி ரெவேனியன். மருந்துக் கம்பனிகளோடு செய்ததாகச் சொல்லப்பட்ட ஒப்பந்தங்களைக் காட்டும்படி கேட்டார். அவை சட்டத்தரணிகளிடம் இருப்பதாகப் பதில் வந்தது. 2007 இன் இறுதியில் அவர் சபையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

பிறகு கேள்வி உள்ளேயிருந்து வந்தது. பணிப்பாளர் ஷுல்ட்ஸின் பேரன் டைலர் ஷுல்ட்ஸ் உயிரியல் படித்துவிட்டுத் தெரனோஸில் வேலைக்குச் சேர்ந்தார். தரக்கட்டுப்பாட்டு முடிவுகள் பிழையாக இருப்பதைக் கண்டு 2014 இல் ஹோம்ஸுக்கு எழுதினார். திட்டுத்தான் கிடைத்தது. வேலையை விட்டார். தாத்தாவிடம் நேரில் சொன்னார். அமெரிக்காவின் வெளிவிவகாரத்தையே நடத்திய மனிதர், ஆய்வுகூடத்தில் நின்று வேலை செய்த தன் பேரனை நம்பாமல் ஹோம்ஸை நம்பினார். கம்பனியின் சட்டத்தரணிகளைச் சமாளிக்க டைலரின் பெற்றோர் செலவழித்தது 4 இலட்சம் டொலருக்கும் மேல். தன் பேரன் செய்தது சரி என்று ஷுல்ட்ஸ் பகிரங்கமாகப் பாராட்டப் பல வருடங்கள் சென்றன.

சபை நம்பாமல் விட்டிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்பது அடுத்த கேள்வி. ஹோம்ஸின் ஒவ்வொரு பங்குக்கும் 100 வாக்குகள் வழங்கப்பட்டிருந்தன. வாக்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் அவரிடமே இருந்தது. மற்ற எல்லோரும் சேர்ந்து கை உயர்த்தினாலும் அவரை அசைக்க முடியாது.

2015 ஒக்டோபரில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலில் ஜோன் கரிரு எழுதிய கட்டுரைதான் கதையை உடைத்தது. கம்பனியின் சொந்தக் கருவியில் நோயாளிகளுக்குச் செய்யப்பட்டவை ஏறக்குறைய 12 வகைப் பரிசோதனைகள் மட்டுமே என்பதும், மிகுதி மற்றக் கம்பனிகளின் இயந்திரங்களில் செய்யப்பட்டன என்பதும் பின்னர் உறுதியானது. 2016 இல் இரண்டு வருடப் பெறுபேறுகளைக் கம்பனியே இரத்துச் செய்தது. அரிசோனா மாநிலத்தில் மட்டும் 1,75,000க்கும் மேற்பட்டோர் அதனிடம் பரிசோதனை வாங்கியிருந்தார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைகிறது என்று பிழையான பெறுபேறு கொடுக்கப்பட்டது. அவர் பின்னர் நலமாகக் குழந்தை பெற்றார்.

2018 செப்டெம்பரில் கம்பனி கலைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளியாகக் காணப்பட்டு, அதே வருடம் நவம்பரில் 11 வருடம் 3 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தத் தீர்ப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பான நான்கு குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி. நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளில் விடுவிக்கப்பட்டார். அவருடைய பங்காளி ரமேஷ் பல்வானி நோயாளிகள் தொடர்பானவை உட்பட 12 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

மொடேர்னா: இன்னொரு பட்டியல்

ஒப்பிடுவதற்கு மொடேர்னாவை எடுத்துக்கொண்டேன். 2010 இல் தொடங்கிய கம்பனி. அமெரிக்கா கொவக்ஸ் ஊடாக வழங்கிய 15 இலட்சம் மொடேர்னா தடுப்பூசிகள் 2021 ஜூலையில் இலங்கைக்கும் வந்தன.

அதன் தலைவர் நூபார் அஃபேயன். பெய்ரூட்டில் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்தவர். லெபனான் உள்நாட்டுப் போரில் குடும்பம் கனடாவுக்குப் போனது. பின்னர் எம்.ஐ.டி.யில் உயிர்வேதிப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். இணை நிறுவுநரான ரொபர்ட் லாங்கர், மருந்தை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் முறைகளைப் பல தசாப்தங்களாக ஆராய்ந்த இரசாயனப் பொறியியல் பேராசிரியர். பிரதம நிறைவேற்று அதிகாரி ஸ்டெஃபான் பன்செல், முன்னர் நோயறி பரிசோதனைகள் செய்யும் பிரெஞ்சுக் கம்பனி ஒன்றை நடத்தியவர். மொன்செஃப் ஸ்லவி, மொரோக்கோவில் பிறந்த நோயெதிர்ப்பியலாளர், பெரிய மருந்துக் கம்பனி ஒன்றின் தடுப்பூசிப் பிரிவை நடத்தியவர். எலிசபெத் நேபல், இதய நோய் மருத்துவர், பொஸ்ரனில் பெரிய வைத்தியசாலை ஒன்றின் தலைவராக இருந்தவர். வங்கித் துறையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள்.

பன்செல் ஒரு முடிவைச் சொன்னால், அது எப்படிக் கிடைத்தது என்று திருப்பிக் கேட்கக்கூடிய நான்கு பேராவது இந்த மேசையில் இருந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் சுத்தமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. அறிவுள்ளவர்களின் சபையில் வேறு வகைச் சிக்கல் வரும். 2020 மே மாதத்தில் ஸ்லவி அமெரிக்க அரசின் தடுப்பூசித் திட்டத்துக்குத் தலைமை ஏற்றபோது பணிப்பாளர் பதவியை விட்டார். ஆனால் மொடேர்னாவில் அவருக்கிருந்த பங்குரிமைகள் பற்றிக் கண்டனம் எழுந்த பின்னரே அவற்றை விற்றார். அதே வருடம் ஜூலையில் நேபலும் விலகினார். அவர் தலைமை தாங்கிய வைத்தியசாலையே தடுப்பூசிச் சோதனை நடக்கும் இடங்களில் ஒன்றாக இருந்தது காரணம்.

மொடேர்னாவின் பட்டியலைவிடப் பெரிய பாதுகாப்பு வெளியில் இருந்தது. ஏறக்குறைய 30,000 தொண்டர்களிடம் சோதனை நடந்தது. சுயாதீனக் குழு ஒன்று தரவைப் பார்த்தது. முடிவுகள் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தன. தெரனோஸ் தன் கருவியை அப்படி யாரிடமும் திறந்து காட்டவில்லை.

ஆவணம் வந்தால் கேட்க வேண்டியவை

சித்தப்பாவுக்கு எழுதி அனுப்பிய கேள்விகள் இவை.

1. கம்பனி எதை விற்கிறது? அதே வேலையைத் தன் கையால் செய்த எத்தனை பேர் சபையில் இருக்கிறார்கள்? “பேராசிரியர்”, “டொக்டர்” என்பதோடு நிற்காமல் எந்தத் துறை என்று பாருங்கள்.

2. இன்னும் இருக்கிறாரா? படத்தில் உள்ளவரின் சொந்தப் பக்கத்திலோ பல்கலைக்கழகப் பக்கத்திலோ இந்தக் கம்பனியின் பெயர் இருக்கிறதா? பணிப்பாளருக்குச் சட்டப் பொறுப்பு உண்டு. ஆலோசகருக்குப் பெரும்பாலும் இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து போடுவது வழக்கம்.

3. இடையில் விலகியவர் யார், ஏன்?

4. வாக்குரிமை யாரிடம்? நிறுவுநரைச் சபையால் நீக்க முடியுமா?

5. பெறுபேறுகளை வெளியார் யாராவது சோதித்துப் பிரசுரித்திருக்கிறார்களா?

6. சபை உறுப்பினருக்கு வேறெந்தக் கதிரை இருக்கிறது? அனுமதி கொடுக்கும் இடத்திலும் சோதனை நடத்தும் இடத்திலும் அவரே இருக்கிறாரா?

பங்குச்சந்தையில் உள்ள அமெரிக்கக் கம்பனி என்றால், பணிப்பாளர்களின் பின்னணியும் கொடுப்பனவும் அடங்கிய ஆவணத்தைப் பங்குகள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். கனடாவுக்கும் அப்படி ஒரு பொதுத் தளம் உண்டு. பிரித்தானியாவில் கம்பனிப் பதிவகத்தில் தனியார் கம்பனிகளின் பணிப்பாளர்கள் சேர்ந்த, விலகிய திகதிகளையும் பார்க்கலாம். தெரனோஸ் தனியார் கம்பனி. பெரும் பணக்காரர்களுக்கே அது உள்ளே காட்டவில்லை.

சித்தப்பா அனுப்பிய பட்டியலில் ஒன்பது பேர். முன்னாள் அரசியல்வாதிகள் இருவர், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர், வங்கியாளர், சட்டத்தரணி, வியாபாரிகள் மூவர். ஒன்பதாமவர் பேராசிரியர். அவருடைய துறை முகாமைத்துவம்.

கம்பனி மோசடிக் கம்பனி என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. முதலாவது கேள்வியை மட்டும் அவர்களிடம் கேட்கச் சொன்னேன். இரண்டு கிழமைக்குப் பிறகு சித்தப்பா எடுத்தார்.

“ஆய்வுகூடத்துக்கு ஆர் பொறுப்பு எண்டு கேட்டனான். திருப்பியும் அந்த ஒன்பது பக்கத்தையும்தான் அனுப்பினவை.”

காசு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஒரு மேசனிடம் அத்திவாரத்துக்கு எவ்வளவு வரும் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.