செருப்பில்லாத கால்களும் கொக்கிப்புழுவும்



புற்றுமண் நோய் தீர்க்கும் என்று நம்புகிற ஊர் சங்கரன்கோவில். இங்கே நின்று, மண்வழியாக உழைப்பாளியின் உடம்பில் ஏறிய ஒரு நோயின் வரலாற்றைப் பேசுகிறேன்.

கொக்கிப்புழு குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும். மலத்தில் வெளியேறும் அதன் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிந்து இளம்புழுவாகும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெயிலில் வெடிக்கும் கரிசலில் அதற்குப் பிழைப்பு கடினம். ஆனால் மனிதக் குடலில் ஆண்டுக்கணக்கில் வாழும். ஆகவே ஆளோடு கடலும் கடக்கும்.

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் கண்டிச் சீமைக்கு ஆள் திரட்டினார்கள். பஞ்சமும் கடனும் பண்ணையடிமைத்தனமும் துரத்திப் போனவர்களில் பள்ளர், பறையர், அருந்ததியர் ஏராளம்.

காப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. கொழுந்து பறிக்க ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பங்கள் லயன்களில் நிரந்தரமாகத் தங்கின. முறையான கழிப்பறை இல்லை. மழை, நிழல், வெறுங்கால், குடியிருப்பை ஒட்டியே மலம் கழிக்கும் நிலை: புழுவுக்கு வேண்டியதையெல்லாம் தோட்டமே அமைத்துக் கொடுத்தது.

ஆனால் பழி யார்மேல் விழுந்தது? கூலிகள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த நோய் என்றார்கள். மண்டபம் முகாமில் நம் மக்களை நாட்கணக்கில் அடைத்து, கிருமிநீக்கம் செய்து, சோதித்து அனுப்பினார்கள். 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றியது. கழிப்பறை கட்டச் செலவாகும் என்று துரைமார் தயங்கினார்கள். குணமானவர்கள் அதே மண்ணை மிதித்தார்கள். புழு திரும்ப ஏறியது. இரத்தம் வற்றிச் சோர்ந்தவர்களுக்குச் 'சோம்பேறிக் கூலி' என்று பெயர்.

வெறுங்காலை வறுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஊர்த்தெருவில் செருப்பணியக் கூடாது என்று நம்மைத் தடுத்தது சாதி. அந்தக் கால்களோடுதான் நம் முன்னோர் தோட்டத்துக்குப் போனார்கள்.

உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் ஈரமண்ணில் வேலைசெய்யும் வயதுவந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் இல்லை.

இன்று வடமாநிலத் தொழிலாளர்கள் நோய் கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சு நம் ஊர்களிலும் கேட்கிறது. நூறாண்டுகளுக்கு முன் நம்மைச் சொன்ன அதே பேச்சு. அதைக் கேட்கும்போது அவர்கள் தங்கும் கொட்டகையைப் போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கை முதலாளியிடமும் அரசிடமும் கேட்பது நம் வேலை.