சி.ஐ.டி. சங்கருக்கு ஏன் சந்தேகமே வரவில்லை?

ஜெய்சங்கர் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு திரும்பினால் போதும். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட் கூட்டம் விசிலடித்தே கொட்டகையைத் தூக்கிவிடும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் டூரிங் டாக்கீஸ் பார்த்து வளர்ந்த தாத்தாக்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். அப்போது இந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். சென்னையில் ஓடி, பெரிய ஊர்களில் ஓடி, கடைசியில் படப்பெட்டி கீற்றுக் கொட்டகைக்கு வந்து சேரும்போது பிரிண்ட் முழுக்கக் கோடு கோடாக மழை பெய்யும். ஒற்றை புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை வேறு. ஆனாலும் சி.ஐ.டி. படம் என்றால் கூட்டம் குறையாது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் உளவுப் படங்கள் சக்கைப்போடு போட்டன. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம். நம்மூர் சி.ஐ.டி.க்கு வில்லன் யார் என்று முதல் ரீலிலேயே தெரியும். அமெரிக்க உளவாளிக்குக் கடைசி ரீல் வரை தெரியாது. தெரிந்தபோது, அந்த வில்லன் அவனுக்குச் சம்பளம் கொடுத்த ஆபீஸாகவே இருக்கும்!

இந்த வித்தியாசம் ஏன் வந்தது? பயப்பட வேண்டிய காலம் நமக்கும் இருந்ததே, அது ஏன் திரைக்கு வரவில்லை?

சாப்பாடு வாங்கப் போனவன்

1975இல் சிட்னி போலாக் இயக்கத்தில் வந்த படம் 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டார்'. ராபர்ட் ரெட்ஃபோர்டுக்கு அதில் சி.ஐ.ஏ.வில் வேலை. துப்பாக்கி தூக்குகிற வேலையல்ல. உலகத்தில் வரும் நாவல்களையும் பத்திரிகைகளையும் படித்து, அவற்றில் ஏதாவது ரகசியம் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஒரு நாள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வாங்க வெளியே போகிறான். திரும்பி வந்தால் ஆபீஸில் அத்தனை பேரும் பிணமாகக் கிடக்கிறார்கள். பதறிப்போய்த் தலைமையகத்துக்கு போன் செய்கிறான். அழைத்துப்போக ஆள் வருகிறது. வந்த ஆளே அவனைச் சுடுகிறான்.

அதற்கு முந்தைய ஆண்டு கொப்போலா எடுத்த 'தி கான்வர்சேஷன்' இன்னொரு ரகம். ஹாரி கால் என்பவன் ஒட்டுக்கேட்பதில் கெட்டிக்காரன். மற்றவர்கள் பேச்சை டேப்பில் பதிவு செய்து விற்பதுதான் பிழைப்பு. கடைசியில் தன் வீட்டிலேயே யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தெரிந்து தரைப்பலகை, சுவர் எல்லாவற்றையும் பெயர்த்துப் போடுகிறான். ஒன்றும் கிடைப்பதில்லை. அந்தக் குப்பைமேட்டின் நடுவே உட்கார்ந்து சாக்ஸபோன் வாசிக்கிறான். அத்தோடு படம் முடிகிறது. அதே 1974இல் ஆலன் பக்குலாவின் 'தி பேரலாக்ஸ் வியூ'. ஒரு செனட்டரின் கொலையைத் துருவும் பத்திரிகையாளனின் கதை அது. உண்மை வெளியே வராமலே படம் முடிந்துவிடும்.

இவையெல்லாம் சும்மா வந்த கதைகள் அல்ல. 1963இல் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 1971இல் பென்டகன் ரகசிய ஆவணங்கள் வெளியாகி, வியட்நாம் போரைப் பற்றி அரசு சொன்ன பொய்கள் அம்பலமாயின. 1972 ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்டார்கள். 1974 ஆகஸ்டில் ஜனாதிபதி நிக்சன் பதவி விலகினார். 1975இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு சி.ஐ.ஏ.வின் அத்துமீறல்களைத் தோண்டி எடுத்தது. காலையில் பேப்பரில் படித்ததை மாலையில் தியேட்டரில் பார்த்தான் அமெரிக்க ரசிகன்.

இந்தப் படங்களின் ஈர்ப்பே அதில்தான் இருக்கிறது. மனதுக்குள் உருவமில்லாமல் இருந்த ஒரு பயத்துக்கு அவை முகம் கொடுத்தன. "எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?" என்று நினைத்தவன், இருட்டில் பக்கத்து சீட்டுக்காரனும் நகம் கடிப்பதைப் பார்த்தான். பயம் போகவில்லை. ஆனால் துணை கிடைத்தது.

நம்மூர் ஜேம்ஸ்பாண்டுகள்

நம் கதை 1962இல் வெளிவந்த 'டாக்டர் நோ'வில் தொடங்குகிறது. ஜேம்ஸ்பாண்ட் படங்கள் இங்கும் வந்து கலக்க, தென்னிந்தியா முழுக்க எண் போட்ட உளவாளிகள் முளைத்தார்கள். 1966இல் தெலுங்கில் கிருஷ்ணா நடித்த 'கூடாச்சாரி 116'. அது 1967இல் ஜிதேந்திராவை வைத்து 'ஃபர்ஸ்' என்று இந்திக்குப் போனது. 1968இல் கன்னடத்தில் ராஜ்குமாரின் 'ஜேடர பலே'. அதில் அவர் சி.ஐ.டி. 999! தமிழில் அதே ஆண்டு எம்.ஜி.ஆரின் 'ரகசிய போலீஸ் 115'.

ஆனால் தமிழில் இந்த ராஜ்ஜியம் ஜெய்சங்கருடையது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்', 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்' என்று வரிசையாக எடுத்துத் தள்ளியது. 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்ற பட்டம் அவருக்கு அப்படி வந்ததுதான். படிக்கிற பழக்கம் உள்ள பையன்களுக்கு 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவியும் நிழற்படையும் பள்ளிப் பைக்குள் குடியேறினார்கள்.

இந்தக் கதைகள் அத்தனையிலும் ஒரு விஷயம் மாறவே மாறாது. மேலதிகாரி நல்லவர். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். "இந்த வேலைக்கு நீதான் சரியான ஆள்" என்பார். கடைசியில் போலீஸ் ஜீப்போடு வந்து கை குலுக்குவார். அவர்மேல் நம் ஹீரோவுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வராது. 1962, 1965, 1971 என்று பத்தே ஆண்டுகளில் மூன்று போர்களைப் பார்த்த நாடு இது. எதிரி எல்லைக்கு அப்பால் இருக்கிறான், உள்ளே இருப்பவன் அவனுடைய கைக்கூலி. ஜனங்கள் நம்பிய கணக்கு இதுதான். அந்தக் கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

ரிலீஸே ஒரு த்ரில்லர்

1973 மே 11 அன்று வெளிவந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' இந்த வரிசையில் உச்சம். மின்னலின் சக்தியைச் சேமிக்கும் வழியைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, அது தப்பானவர்கள் கையில் சிக்கிவிடுமோ என்று பயந்து ரகசியத்தை மறைக்கிறார். அவரைத் தேடி உளவுத்துறையில் இருக்கும் தம்பி உலகம் சுற்றுகிறார். ஜப்பானில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சி வரை கேமரா போனது.

ஆனால் நிஜமான மர்மம் படத்துக்கு வெளியே நடந்தது. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியிருந்தார். படம் வெளிவரவே வராது என்றார்கள். வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று மதுரையில் ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் சவால் விட்ட கதை இன்றும் பேசப்படுகிறது. படச்சுருளைப் பத்திரப்படுத்தியது பற்றியும், போஸ்டருக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டியது பற்றியும் ரசிகர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால் அதையே ஒரு படமாக எடுக்கலாம் போலிருக்கும். படம் வந்த ஒன்பதாம் நாள் திண்டுக்கல் இடைத்தேர்தல். அதில் அ.தி.மு.க. ஜெயித்தது.

திரைக்குள் அரசாங்கம் நல்லதாகவே இருந்தது. அரசாங்கத்தைப் பற்றிய சந்தேகமெல்லாம் டிக்கெட் கவுன்டருக்கு வெளியே, க்யூவில் நின்றது.

வர இயலாதவர்கள் பட்டியல்

1975 ஜூன் 25. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. மிசா சட்டத்தில் விசாரணையில்லாமல் சிறை. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கைதுகள் தொடங்கின. யார் யாரைப் பிடித்தார்கள் என்பதைக்கூடப் பத்திரிகையில் போட முடியாது.

மூன்றே நாளில், பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்று 'முரசொலி'யில் ஒரு பட்டியல் வந்தது. அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். தணிக்கை அதிகாரிக்கு அது ஒரு சாதாரண அஞ்சலிச் செய்தி. கட்சிக்காரர்களுக்கோ கைதானவர்களின் முழு விவரம்! காண்டார் படத்தில் ரெட்ஃபோர்டுக்கு என்ன வேலை? அச்சில் வந்ததைப் படித்து, வரிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சேதியைக் கண்டுபிடிப்பது. 1976இல் அந்த வேலையைத் தமிழ்நாட்டில் டீக்கடையில் பேப்பர் படித்தவர்கள் எல்லோரும் சம்பளமில்லாமல் செய்தார்கள்.

சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். முன்னாள் மேயரும் எம்.பி.யுமான சிட்டிபாபு 1977 தொடக்கத்தில் இறந்தார். பின்னர் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அந்தச் சிறைக் கொடுமைகளை விசாரித்தது. வடக்கே ஒரு படமே காணாமல் போனது. அம்ரித் நஹாட்டா எடுத்த அரசியல் நையாண்டிப் படம் 'கிஸ்ஸா குர்சி கா'. அதன் நெகட்டிவும் பிரிண்டுகளும் அழிக்கப்பட்டன. அந்த வழக்கில் 1979இல் சஞ்சய் காந்திக்கும் வி.சி. சுக்லாவுக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. படத்தை மறுபடி எடுத்து 1978இல் வெளியிட்டார் நஹாட்டா.

அந்த 21 மாதங்களில் நம் கொட்டகைகளில் என்ன ஓடியது? 1976இல் ஜெய்சங்கர் 'துணிவே துணை'யில் நடித்தார். மர்மமான ஒரு கிராமம், இரவில் வெள்ளைப் புடவையில் வரும் உருவம், துணிச்சலாகத் துப்பறியும் ஹீரோ. ஜனங்கள் பேயைப் பார்த்து ஜாலியாகப் பயந்தார்கள். நிஜமாகப் பயப்பட வேண்டியதை யாரும் காட்டவில்லை. காட்டவும் முடியாது.

ஒரு சொல், இரண்டு தணிக்கை

இங்கே தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பி.காம். படிப்பவர்களுக்கு 'தணிக்கை' என்றால் ஆடிட்டிங். சினிமாக்காரர்களுக்கு 'தணிக்கை' என்றால் சென்சார். முதலாவது, மறைத்து வைத்ததை வெளியே கொண்டுவருவது. இரண்டாவது, வெளியே வந்ததை மறைப்பது. இரண்டுக்கும் ஒரே சொல்!

ஆடிட்டிங் பாடத்தின் ஆரம்பத்திலேயே ஒரு விதி வரும். ரொக்கத்தைக் கையாளுகிற காசாளரே பேரேட்டையும் எழுதக் கூடாது. ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். காசாளர் கெட்டவர் என்பதால் அல்ல, நல்லவராகவே இருந்தாலும் அந்த ஏற்பாடு வேண்டும். எழுபதுகளின் அமெரிக்கப் படங்கள் எல்லாம் இந்த ஒரு விதியைத்தான் கதையாகச் சொல்கின்றன. வேவு பார்ப்பவனை யார் வேவு பார்ப்பது? அங்கே சர்ச் கமிட்டி ஆடிட்டர் வேலை பார்த்தது, சினிமாவும் கூடவே பார்த்தது.

இங்கே படம் வெளிவருவதற்கு முன்பே தணிக்கை செய்வது செல்லும் என்று கே.ஏ. அப்பாஸ் வழக்கில் 1970இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சினிமாவின் பேரேட்டை அரசு சரிபார்க்கலாம். அரசின் பேரேட்டைச் சினிமா தொடக்கூட முடியாது. 1977இல் ஆட்சி மாறிய பிறகு நீதிபதி ஷா கமிஷன் நெருக்கடி நிலையின் கணக்கைத் தணிக்கை செய்து அறிக்கை கொடுத்தது. 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்த பிறகு அந்த அறிக்கையின் பிரதிகள் கிடைப்பதே அரிதாகிப் போனது. தன்னிடமிருந்த பிரதியைத் தேடி எடுத்து, 2010இல் அதை மறுபடியும் புத்தகமாகக் கொண்டுவந்தவர் தமிழ்நாட்டுக்காரரான முன்னாள் எம்.பி. இரா. செழியன். ஒரு ஆடிட் ரிப்போர்ட் மறைந்து முப்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்த கதை இது. பக்குலா உயிரோடு இருந்திருந்தால் படமாக எடுத்திருப்பார்.

தாமதமாக வந்த சந்தேகம்

தமிழ் சினிமாவின் உளவாளிக்குத் தன் ஆபீஸ் மேலேயே சந்தேகம் வர 1995 வரை ஆனது. நடுவே 1986இல் சுஜாதாவும் கமலும் சேர்ந்து கொடுத்த 'விக்ரம்' தொழில்நுட்பத்தில் பெரிய தாவல். ஆனால் நாட்டின் ஏவுகணையைக் கடத்தும் வில்லன் பழைய வில்லன்தான். இதற்கிடையில் நிஜத்தில் நிறைய நடந்துவிட்டது. 1988இல் டெலிபோன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ஹெக்டே பதவி விலகினார். 1991இல் ராஜீவ் காந்தி வீட்டருகே இரண்டு ஹரியானா போலீஸார் வேவு பார்த்ததாக எழுந்த சண்டையில் சந்திரசேகர் ஆட்சியே போனது.

1995இல் வந்தது பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்'. கோவிந்த் நிஹலானியின் 'துரோக்கால்' படத்தின் தமிழாக்கம். அதில் மேலதிகாரியே எதிரிக்குத் தகவல் கொடுப்பவர். அதைக் கண்டுபிடித்த ஹீரோவும் கடைசியில் அதே பள்ளத்தில் விழுகிறான். படத்தில் பாட்டு கிடையாது. கை குலுக்க ஜீப்பும் வருவதில்லை. சி.ஐ.டி. சங்கர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்.

இன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, கையிலிருக்கும் போனிலேயே காண்டாரைப் பார்த்துவிடலாம். டூரிங் கொட்டகைகள் போய்விட்டன. சுவரைப் பெயர்த்து மைக் தேட வேண்டிய அவசியமும் போய்விட்டது. 2021இல் பெகாசஸ் விவகாரம் வெளிவந்தபோது, மைக்கை நாமே காசு கொடுத்து வாங்கி, நாமே சார்ஜ் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம் என்பது புரிந்தது. ஐம்பது வருஷத்துப் பழைய படம் இன்றும் வயிற்றைக் கலக்குவதற்கு அது போதாதா?

ஜெய்சங்கர் படங்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. களைத்துப்போய் வந்த ஜனங்களுக்கு அவை கொடுத்த சந்தோஷம் உண்மையானது. ஆனால் ஒரு தலைமுறை பயந்து வாழ்ந்த 21 மாதங்களுக்குத் திரையில் முகமே கிடைக்காமல் போனதில் நஷ்டம் நமக்குத்தான். பாடப்புத்தகத்தில் அது ஒரு பத்தி. அமெரிக்கப் பையனுக்கு வாட்டர்கேட் என்றால் ரெட்ஃபோர்டின் முகம் ஞாபகம் வரும். நமக்கு மிசா என்றால் என்ன ஞாபகம் வருகிறது? வீட்டில் அந்தக் காலத்தைப் பார்த்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், எந்தப் படம் பார்த்தீர்கள் என்று கேட்ட கையோடு, அப்போது எதையெல்லாம் சத்தமாகப் பேசாமல் இருந்தீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். எடுக்கப்படாத அந்தப் படத்தின் கதை அவர்களிடம்தான் இருக்கிறது.