ரோபோ போட்டி: எதிர் டீமுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொடுக்கலாமா?

ரோபோ நாய் ஜீனோவை எழுதின சுஜாதா வளர்ந்த ஊர் ஸ்ரீரங்கம். அங்கேயும் திருச்சியிலும் இப்போ ரோபோ செய்யும் பசங்களுக்கு ஒரு பயம் பொது. என்.ஐ.டி.யின் 'பிரக்யான்' மாதிரி விழாவுக்கு முந்தின ராத்திரி மோட்டார் டிரைவர் புகைஞ்சுடும். கடை மூடியாச்சு. பக்கத்து டேபிள் எதிர் டீம்தான் ஒரே வழி.

கொடுப்பாங்களா?

அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் இது சகஜம். பார்ட் வேணும்னு மைக்கிலேயே அறிவிப்பாங்க. அங்கே அணிகள் கூட்டணியா மோதும். இந்த ஆட்டத்து எதிரி அடுத்த ஆட்டத்தில் கூட்டாளி.

எதை வாங்கலாம்?

சக்கரம், ஜம்பர் வயர் தாராளமா. டிரைவர்னா அளவு பாருங்க. எல்298என் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். அதிகம் இழுக்கும் மோட்டாரை மாட்டினா கடன் வாங்கினதும் போச்சு. 5 வோல்ட் சென்சார் சிக்னலை 3.3 வோல்ட் ஈஎஸ்பி32-ல் நேரடியா கொடுக்காதீங்க.

லித்தியம் பாலிமர் பேட்டரி மட்டும் கடன் வேண்டாம். செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். முன்னாடி எப்படி சார்ஜ் போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. உப்பியிருந்தா பயன்படுத்தவே கூடாது, தீப்பிடிக்கும்.

பள்ளி லேப் பொருள்?

அடல் டிங்கரிங் லேப் பார்ட்ஸ் அரசு மானியத்தில் வாங்கினது. கணக்கு சொல்ல வேண்டியது ஆசிரியர். அவர்கிட்ட கேட்காம, பதிவேட்டில் எழுதாம வெளியே போகக்கூடாது.

எரிஞ்சா புதுசா, பாதி காசா? வாங்கும்போதே பேசிடுங்க. டேப்பில் டீம் பேர் எழுதி ஒட்டுங்க. ஒரே மாதிரி சிவப்பு போர்டு பத்து கிடந்தா, எது யாருதுன்னு அப்புறம் சண்டைதான்.